வாடகைக்காரனின் முகவரி

பாரமேசியம் பர்சாரியா குளோரெல்லா வைரஸ்-1. இந்தப் பெயரை முதல்முறை பார்க்கிற யாரும் இது பாரமேசியத்தைத் தொற்றும் வைரஸ் என்றுதான் நினைப்பார்கள். இல்லை. பாரமேசியத்துக்கு அதனால் எந்த நோயும் வருவதில்லை. பாரமேசியம் பர்சாரியா என்பது குளத்து நீரில் நீந்தித் திரியும் ஒற்றைச் செல் உயிர். அதன் உடலுக்குள் சில நூறு பச்சைப் பாசிச் செல்கள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கிறது, வீட்டுக்காரர் பாதுகாப்பு தருகிறார். அந்தப் பாசிதான் குளோரெல்லா. வைரஸ் தாக்குவது அதைத்தான். அதுவும் பாசி வீட்டுக்குள் இருக்கிறவரை வைரஸால் கைவைக்க முடியாது. வீடு உடைந்து வாடகைக்காரன் தெருவுக்கு வந்தால்தான் முடியும். ஆக, கொலையாளிக்கு நாம் வைத்திருக்கும் பெயர், கொல்லப்பட்டவனை அதுவரை காப்பாற்றி வைத்திருந்த வீட்டுக்காரரின் பெயர்.

நன்னீர்ப் பாசிகளைத் தொற்றும் வைரஸ்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை. பொறியியல் படித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் என் வேலையில் பாதி, பொருள்களுக்குப் பெயர் வைப்பதும் அந்தப் பெயர் பிற்பாடு எப்படி நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்ப்பதும்தான். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் எண்ணுக்குள்ளேயே கிளையின் குறியீட்டைப் பொதிந்து வைத்திருந்தார்கள். கிளைகள் இணைந்தன, பிரிந்தன, இடம் மாறின. எண் மட்டும் பழைய ஊரையே சொல்லிக்கொண்டிருந்தது. வைரஸ்களின் அதிகாரபூர்வ அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த அட்டவணையை நிர்வகிப்பது ஐசிடிவி என்ற சர்வதேசக் குழு. 1966ல் மாஸ்கோவில் நடந்த நுண்ணுயிரியல் மாநாட்டில் வேறொரு பெயரில் தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்த அட்டவணைக்கு எழுதும் விமர்சனம். இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர்கள், நம்முடைய மிகப் பழைய விமர்சன நூலே பெரும்பகுதி வகைப்பாட்டு நூல்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம். நிலத்துக்குப் பூவின் பெயர், ஒழுக்கத்துக்கு நிலத்தின் பெயர். குறிஞ்சி என்றால் பூவா, மலையா, புணர்ச்சியா? மூன்றும்தான். ஒரே பெயரில் இவ்வளவையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பது தொல்காப்பியத்துக்கும் தெரியும். அதனால்தான் திணைமயக்கம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இந்தச் சொல் பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1978ல் ஜப்பானில் கவகாமி இணையர் பாரமேசியத்துக்குள் வாழும் பாசியில் வைரஸ் இருப்பதை எழுதினார்கள். 1981ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் மைண்ட்ஸ், ஜேம்ஸ் வான் எட்டன் குழுவினர் பச்சை ஹைட்ராவிலிருந்து பாசியைப் பிரித்தெடுத்து வைத்தார்கள். ஒரு நாளுக்குள் பாசிச் செல்கள் எல்லாம் வெடித்துப் போயின. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே வரிசையாக அறுகோண வைரஸ் துகள்கள். வீட்டை விட்டு வெளியே வந்த அன்றே சாவு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஹைட்ராவின் பாசியைத் தனியாக வளர்க்க முடியவில்லை. தனியாக வளராத பாசியில் வைரஸை எப்படி மறுபடி மறுபடி தொற்றவைத்துப் பார்ப்பது? பாரமேசியத்திலிருந்து எடுத்த ஒரு பாசி மட்டும் தனியாகவும் வளர்ந்தது. அதற்கு என்சி64ஏ என்று பெயர். பெயரா அது, கிடங்கு எண். பிற்பாடுதான் குளோரெல்லா வேரியாபிலிஸ் ஆயிற்று. அந்தப் பாசியைக் கொண்டு 1983ல் வான் எட்டன் குழு செய்ததுதான் இந்தத் துறையையே சாத்தியமாக்கியது. மென்மையான அகார் கூழில் பாசியைக் கலந்து தட்டில் ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் தட்டு முழுக்கப் பச்சைப்புல் விரித்தது போல ஆகும். அதில் வைரஸ் இருந்தால், விழுந்த இடத்தில் பாசி செத்து ஒரு தெளிந்த பொட்டு விழும். ஒரு பொட்டு என்றால் ஒரு வைரஸில் ஆரம்பித்த குடும்பம். பொட்டுகளை எண்ணலாம், ஒன்றைக் குத்தி எடுத்து மறுபடி வளர்க்கலாம். குளத்து நீரை வடிகட்டித் தட்டில் ஊற்றினால் அந்தக் குளத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை என்றும் சொல்லலாம். பொதுவாக 1லிருந்து 100 வரை, சில சமயம் 1,00,000 வரைகூடப் போகிறது.

நான் ‘அறிதல்’ என்று இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போவது இந்தப் பொட்டைத்தான். யார், யாரை, எவ்வளவு நேரத்தில் கொன்றான் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பிபிசிவி-1 (அந்த நீளப் பெயரை இனி இப்படியே சுருக்கிக்கொள்கிறேன்) கிட்டத்தட்ட 190 நானோமீட்டர் அகலம். இருபது முகம் கொண்ட கூடு, ஒரு முனையில் மட்டும் ஒரு முள். அந்த முள்முனையால் பாசியின் சுவரில் ஒட்டி, சுவரை நொதியால் கரைத்து ஓட்டையிட்டு, டிஎன்ஏவை உள்ளே அனுப்புகிறது. வெற்றுக்கூடு வெளியிலேயே நிற்கிறது. ஆறேழு மணி நேரத்தில் செல் வெடித்து ஆயிரம் துகள் அளவுக்கு வெளியே வருகிறது. அதன் மரபணுத்தொகை சுமார் 3,31,000 எழுத்து, 400க்கும் மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்பு. அதில் ஒன்று வெறும் 94 அமினோ அமிலத்தாலான பொட்டாசியம் வாயில். நம் நரம்புகளில் இருக்கும் வாயில்களின் உறவினர்களிலேயே சிறியவற்றில் ஒன்று, 2000ல் வெளியான கண்டுபிடிப்பு. வைரஸ் என்றால் நாலைந்து மரபணு வைத்துக்கொண்டு காலம் தள்ளும் ஏழை என்று நினைப்பவர்கள் இந்தச் சொத்துக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

சரி, அறிந்தாயிற்று. இனி எந்த அடுக்கில் வைப்பது? அறிதலும் அடுக்குதலும் ஒன்றல்ல. இங்கிருந்துதான் தகராறு.

ஓம்புயிரியை வைத்து அடுக்குவதுதான் பழைய வழி. (பாடநூல்கள் தரும் சொல் இது. விருந்தோம்பல் என்பதில் உள்ள அதே ஓம்பல். விருந்தாளி வீட்டைக் கொளுத்திவிட்டுப் போகும் கதைக்கு இந்தச் சொல் பொருந்துவதே ஒரு கசப்பான நகைச்சுவை.) இந்த வழி எப்படிக் கவிழும் என்பதற்கு எல்பிபி-1 போல இன்னொரு உதாரணம் கிடைக்காது. 1963ல் ராபர்ட் சாஃபர்மன், மேரி-எல்லன் மாரிஸ் என்ற இருவர் கழிவுநீர்க் குட்டையிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பே ‘பாசி வைரஸ்’ என்றுதான் தொடங்கும். அது லிங்பயா, பிளெக்டோனிமா, ஃபார்மிடியம் என்ற மூன்று நீலப்பச்சைப் பாசிப் பேரினங்களைத் தாக்கியது. மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்பிபி. இதற்கு நான்கு வருடம் கழித்து, 1967ல் ஆர்.என். சிங்கும் பி.கே. சிங்கும் இந்திய நீர்நிலைகளிலிருந்து இத்தகைய வைரஸ்களைப் பிரித்து நேச்சர் இதழில் எழுதினார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? வைரஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓம்புயிரிதான் சாதி மாறிவிட்டது. நீலப்பச்சைப் பாசிக்கு உட்கரு இல்லை, அது பாசியே இல்லை, பாக்டீரியா என்று ரோஜர் ஸ்டேனியரும் மற்றவர்களும் எழுபதுகளில் நிலைநாட்டினார்கள். உடனே பாசி வைரஸ் எல்லாம் பாக்டீரியாவைத் தின்னும் ‘ஃபேஜ்’ ஆகிவிட்டன. பிளெக்டோனிமா என்று அன்று வளர்த்த அந்த இனத்துக்கு இப்போது லெப்டோலிங்பயா என்று பெயர். ஆக எல்பிபி என்ற மூன்றெழுத்தில் நடு எழுத்து, காலி செய்துவிட்டுப் போனவரின் பெயர்ப்பலகை. தமிழில் நாமும் இன்றுவரை நீலப்பச்சைப் பாசி என்றுதான் எழுதுகிறோம். நான் அதை எதிர்க்கவில்லை. வழுக்கும் பச்சை எல்லாம் நமக்குப் பாசி. குளத்துப்படியில் கால் வைப்பவனுக்கு உட்கரு இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம்பட்சம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. மூன்று பேரினம் என்று தாவரவியலாளர்கள் பிரித்து வைத்திருந்ததை இந்த வைரஸ் மதிக்கவில்லை. அதற்கு மூன்றும் ஒரே பூட்டு. அந்த நாட்களில் நீலப்பச்சைகளின் வகைப்பாடு முழுக்க உருவத்தை வைத்துத்தான்: இழையின் தடிமன், உறை இருக்கிறதா, கிளை பொய்யா மெய்யா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் கட்டி எழுப்பிய பாசியியல் மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959ல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ நூல், உருவ வகைப்பாட்டின் ஒரு பேருழைப்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நுண்ணோக்கியும் பென்சிலும் வைத்துக்கொண்டு மனிதன் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போன நூல். ஆனால் பாசியின் தோலில் உள்ள எந்தச் சர்க்கரையைப் பிடித்து ஏறுவது என்று வைரஸ் தேடும்போது அது படிக்கும் புத்தகம் வேறு. நம் வகைப்பாட்டின் மீது முதல் விமர்சனத்தை எழுதியது அந்தக் குட்டையிலிருந்த வைரஸ்தான் என்றே சொல்லுவேன்.

உருவத்தை வைத்து வைரஸையே அடுக்கிய கதை இதைவிடச் சுவாரசியம். நன்னீரில் வளரும் காரா என்ற ஒரு பாசி உண்டு. பார்த்தால் சின்னச் செடி மாதிரி இருக்கும். எழுபதுகளில் ஆஸ்திரேலியாவில் ஏட்ரியன் கிப்ஸ் முதலானோர் அதில் ஒரு வைரஸைக் கண்டார்கள். விறைப்பான கோல் வடிவம், நீளம் 532 நானோமீட்டர். கோல் வடிவ வைரஸ் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது புகையிலைத் தேமல் வைரஸ். அது 300 நானோமீட்டர்தான், ஆனாலும் அந்த ஜாடை. எனவே புகையிலை வைரஸின் தொல்மூதாதை பாசியில் கிடைத்துவிட்டது என்று தோன்றியதில் தப்பில்லை. 2011ல் முழு மரபணுத்தொகை வந்தது, 9,065 எழுத்து. கூட்டின் புரதம் புகையிலை வைரஸ் குடும்பத்தோடுதான் உறவு கொண்டாடியது. ஆனால் தன்னைப் படியெடுக்கும் நொதி பெனிவைரஸ் என்ற வேறொரு குழுவோடு. பீட்ரூட் வேரைக் கெடுக்கும் வைரஸ் இருக்கும் குழு அது.

இப்போது சொல்லுங்கள், இது யார் வீட்டுப் பிள்ளை? சட்டையைப் பார்த்தால் ஒரு குடும்பம், கையெழுத்தைப் பார்த்தால் இன்னொன்று. இதுதான் நான் முன்னால் சொன்ன திணைமயக்கம். முல்லை நிலத்தில் நெய்தலின் பறவை வந்து உட்கார்ந்தால் கவிதை தவறாகிவிடாது. ஆனால் கிளை மரம் போல் அமைந்த அட்டவணையில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோர்தான் இருக்க முடியும். இந்த நெருக்கடியில் இன்றைய வகைப்பாடு கையெழுத்தின் பக்கம், அதாவது படியெடுக்கும் நொதியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆர்என்ஏ வைரஸ்களில் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது அது ஒன்றுதான் என்பதே காரணம். நியாயமான காரணம். ஆனால் அது ஒரு தேர்வு, கண்டுபிடிப்பு இல்லை. தேர்வைக் கண்டுபிடிப்பு போல அச்சிடுவதுதான் அட்டவணைகளின் பழைய கெட்ட பழக்கம்.

வால் வைத்த ஃபேஜ்களின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீள வால், சுருங்கும் வால், குட்டை வால் என்று மூன்று குடும்பங்கள், பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் இருந்தவை. எல்பிபி-1 குட்டை வால் வீட்டில் இருந்தது. மரபணுத்தொகைகள் குவிந்ததும் வாலின் நீளத்துக்கும் உறவுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று தெரிந்தது. 2022ல் மூன்று குடும்பங்களையும் ஐசிடிவி கலைத்துவிட்டது. கலைத்தது சரி. இவ்வளவு பெரிய வீட்டை இடிக்கிற தைரியம் இலக்கிய வரலாற்றுக்காரர்களுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஓம்புயிரியை வைத்து அடுக்கியது எல்லா இடத்திலும் தோற்கவில்லை. பிபிசிவி-1ன் உறவினர்களான குளோரோவைரஸ்களை ஆய்வகத்தில் எந்தப் பாசியில் பொட்டு விழுகிறது என்பதை வைத்துத்தான் பிரித்து வைத்திருந்தார்கள். என்சி64ஏவில் வளர்வது ஒரு குழு, ஜெர்மானியப் பாரமேசியத்தின் பாசியான பிபிஐயில் வளர்வது ஒன்று, சூரியக்கதிர் போல் முள் நீட்டிய அகாந்தோசிஸ்டிஸ் என்ற உயிரின் பாசியில் வளர்வது இன்னொன்று. 2013ல் 41 குளோரோவைரஸ்களின் மரபணுத்தொகையை எடுத்து மரம் வரைந்தார்கள். கிளைகள் ஏறக்குறைய இந்தப் பழைய பிரிவின்படியே விழுந்தன. பாசித்தட்டு சொன்னதையே எழுத்துகளும் சொன்னன. குட்டைநீரையும் அகாரையும் வைத்துச் செய்த வேலை, லட்சக்கணக்கான எழுத்துகளின் முன்னால் நின்று பிடித்தது. ஓம்புயிரியின் பெயர்கள் மட்டும் நடுவில் மாறின. குளோரெல்லா பிபிஐ என்பது குளோரெல்லாவே இல்லையாம், மிக்ராக்டினியம். அதைத் தாக்கும் வைரஸ் இன்னும் குளோரோவைரஸ்தான்.

அப்படியென்றால் எழுத்துவரிசையை மட்டும் வைத்து அடுக்கினால் போதுமா? 2017ல் ஐசிடிவியின் ஆதரவோடு ஒரு முடிவு வெளியானது. கண்ணால் காணாத, வளர்க்காத, ஓம்புயிரி யாரென்றே தெரியாத வைரஸையும் அதன் மரபணு வரிசை நம்பகமாக இருந்தால் அட்டவணையில் சேர்க்கலாம் என்றது அது. ஏரியில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து, அதிலுள்ள டிஎன்ஏ மொத்தத்தையும் படித்து, துண்டுகளைக் கணினியில் ஒட்டினால் நூற்றுக்கணக்கான புது வைரஸ்கள் கிடைக்கும். அவற்றுக்கு ஒரு வீட்டெண் வேண்டாமா? வேண்டும்தான். முன்பு பாசி வைரஸைத் தேடியவர்கள் டிஎன்ஏ படியெடுக்கும் நொதியின் ஒரு துண்டைப் பிசிஆரில் பெருக்கிப் பார்த்தார்கள். அதற்கான பிரைமரை 1995ல் சென்னும் சட்டிலும் அமைத்தார்கள். நல்ல வழிதான், ஆனால் வலையின் கண் எந்த அளவோ அந்த அளவு மீன்தான் சிக்கும். முழுத்தொகையையும் படிப்பது அந்த வகையில் பெரிய விடுதலை. வைரஸ் என்றாலே நுண்வடிகட்டி வழியே போவது என்று 1890களிலிருந்து நம்பியதால், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1992ல் குளிரூட்டும் கோபுரத்து நீரில் கிடைத்த மிமிவைரஸை 2003 வரை பாக்டீரியா என்றே வைத்திருந்தார்கள். கருவி பார்க்காததைக் கண்ணும் பார்ப்பதில்லை.

அதனால் 2017 முடிவை நான் ஆதரிக்கிறேன். என் சண்டை அந்த முடிவோடு இல்லை. வரிசை கிடைத்தால் அறிந்தாயிற்று என்று நினைக்கும் மனநிலையோடுதான். அந்த மனநிலை என்ன செய்யும் என்பதற்கு ஒரு நன்னீர்ப் பாசி வைரஸே சாட்சி.

அகாந்தோசிஸ்டிஸின் பாசியைத் தாக்கும் ஏடிசிவி-1 என்ற வைரஸ். 2014ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ராபர்ட் யோல்கன் முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வான் எட்டனும் அதில் ஓர் ஆசிரியர். மனிதத் தொண்டையில் எடுத்த மாதிரிகளின் டிஎன்ஏவைப் படித்தபோது அதில் இந்தப் பாசி வைரஸின் வரிசை தென்பட்டது. பிறகு 92 பேரைப் பிசிஆரில் சோதித்தார்கள், 40 பேரிடம் இருந்தது. இருந்தவர்கள் சில அறிதிறன் சோதனைகளில், குறிப்பாகக் கண்ணால் பார்த்துக் கையால் செய்யும் வேகத்தில், சற்றுக் குறைவாக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். வைரஸ் தொற்றிய பாசியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அவையும் சில சோதனைகளில் தடுமாறின. கட்டுரை ‘தொடர்பு’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியது. ஆனால் செய்தித்தாள்கள் விடுமா? மனிதனை முட்டாளாக்கும் வைரஸ் என்று உலகம் சுற்றிவிட்டது.

அடுத்த வருடம் அதே இதழில் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு குழு கடிதம் எழுதியது. தாங்கள் படித்த வேறு மாதிரிகளிலும் ஏடிசிவி-1ன் சுவடு இருக்கிறது, அது ஆய்வகப் பொருள்களோடு சேர்ந்து வருகிற மாசாக இருக்கலாம் என்றார்கள். மாசு என்பதால் எங்கள் முடிவுகளை விளக்கிவிட முடியாது என்று யோல்கன் குழு பதில் எழுதியது.

இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒரு பொறியாளனாக ஒன்று சொல்வேன். தரவுத்தளத்தில் தேடி ‘பொருத்தம் கிடைத்தது’ என்று வரும் விடை, ‘இங்கே என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கான விடை அல்ல. ‘என்னிடம் உள்ள பட்டியலில் இதற்கு மிக அருகில் இருப்பது எது’ என்ற கேள்விக்கான விடை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கல்யாண மண்டபத்தில் உங்களைப் பார்த்து “நீங்க சுந்தரம் மாமா பையன்தானே?” என்று கேட்பவர் செய்வதும் இதுதான். அவருக்குத் தெரிந்த ஜாடைகளில் அது நெருக்கம். குழாயில் இருப்பது வைரஸா, வைரஸின் உடைந்த டிஎன்ஏவா, தொண்டையில் இருந்ததா, வழியில் ஒட்டியதா என்று வரிசை தானாகச் சொல்லாது. தொண்டைத் துடைப்பிலிருந்து எடுத்ததைப் பாசித்தட்டில் ஊற்றிப் பொட்டு விழுந்தால் அது வேறு கனமுள்ள சாட்சி. அறிவுக்குறைவு என்ற குற்றச்சாட்டை மனிதர்கள் மேல் வைக்கும்போது அந்தக் கனம் வேண்டும். இதில் ஒரு முரண்: பொட்டுமுறையை உருவாக்கியவரின் பெயரே கட்டுரையில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் ஏரிகளும் குளங்களும். வெயில் காலத்தில் நீர் பச்சை பெயிண்ட் ஊற்றியது போல் ஆவதற்குப் பல இடங்களில் காரணம் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை. அதில் சில கல்லீரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்கும். சாஃபர்மனும் மாரிஸும் 1964லேயே வைரஸால் பாசியைக் கட்டுப்படுத்தலாமா என்று எழுதிவிட்டார்கள். அறுபது வருடமாகியும் அந்த யோசனை அடிக்கடி தலைதூக்குகிறது. ஜப்பானின் மிகாடா ஏரியிலிருந்து எடுத்த மைக்ரோசிஸ்டிஸ் ஃபேஜ் ஒன்று நன்றாக ஆராயப்பட்டது. சோதித்துப் பார்த்ததில் மைக்ரோசிஸ்டிஸ் இனம் முழுவதையும் அது தாக்கவில்லை, நச்சுள்ள ஒரே ஒரு தனிவகையைத்தான் தாக்கியது. அதாவது ஏரியைச் சுத்தம் செய்ய நினைப்பவருக்கு வேண்டிய தகவல், அட்டவணையின் ஓம்புயிரிப் பெயரைவிடவும் கீழே, தனிவகை அளவில் இருக்கிறது. வரிசையை மட்டும் வைத்து அடுக்கிய வைரஸ்களில் பலவற்றுக்கு மேல் அளவில்கூட அது இல்லை. ஓம்புயிரி என்ற கட்டம் காலி. கட்டம் காலியாக இருப்பது குற்றமில்லை. கணினி ஊகித்த பெயரை அதில் நிரப்பி, ஊகம் என்ற குறிப்பை அடுத்த தரவுத்தளத்துக்குப் போகும் வழியில் உதிர்த்துவிடுவதுதான் குற்றம்.

2021ல் ஐசிடிவி இன்னொரு விதி கொண்டுவந்தது. எல்லா வைரஸ் இனத்துக்கும் செடிகொடிகளைப் போல இரட்டைப்பெயர்: முதலில் பேரினம், பின்னால் அடைமொழி. இதை நான் பின்னடைவு என்றே பார்க்கிறேன். பேரினம் உடைந்தால் பெயரும் உடையும். கிளைக் குறியீட்டை வாடிக்கையாளர் எண்ணுக்குள் வைத்த அதே வேலை. வைரஸின் பெயர் வேறு, இனத்தின் பெயர் வேறு, விதி இனத்துக்கு மட்டும்தான் என்று குழு தெளிவாகவே சொல்கிறது. பிபிசிவி-1 என்ற கிறுக்கான பெயர் அதனால் பிழைத்தது. எனக்கு அதில் சந்தோஷம். அது தவறான முகவரிதான். ஆனால் எந்த வீட்டிலிருந்து எடுத்தார்கள் என்ற வரலாறு அதில் இருக்கிறது. பதினைந்து படிநிலை கொண்ட புதிய ஏணியில் உச்சியிலிருந்து அடிவரை இறங்கினாலும் அந்தப் பாரமேசியத்தைப் பார்க்க முடியாது.

தமிழில் இந்த உயிருக்கு நச்சுயிரி என்றும் தீநுண்மி என்றும் சொற்கள் வைத்திருக்கிறோம். லத்தீன் மூலச் சொல்லுக்கும் நஞ்சு என்றுதான் பொருள், ஆகவே மொழிபெயர்ப்பாகக் குறையில்லை. ஆனால் அடுக்குவதற்கு முன்னால், அறிவதற்கும் முன்னால், தீர்ப்பு எழுதிவிடுகிற சொற்கள் அவை. நெப்ராஸ்காவில் ஜான் டிலாங் குழு குளத்து நீரில் குளோரோவைரஸைச் சேர்த்து யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தது. ஹால்டீரியா என்ற, மயிரிழைகளால் துள்ளி நீந்தும் ஒற்றைச் செல் உயிர் சாப்பிட்டது. வேறு உணவே இல்லாமல், இரண்டு நாளில் அதன் எண்ணிக்கை சுமார் 15 மடங்கு பெருகியது, வைரஸ் நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே குழுவின் முந்தைய வேலையில், சின்னஞ்சிறு நீர்ப்பூச்சி போன்ற கோப்பிபாடுகள் பாரமேசியத்தைத் தின்னும்போதுதான் உள்ளே இருந்த பாசி வெளியே வந்து வைரஸிடம் மாட்டுகிறது என்று காட்டியிருந்தார்கள். வீட்டை உடைப்பவர் ஒருவர், கொல்பவர் ஒருவர், கொன்றவரைத் தின்பவர் ஒருவர். குளோரோவைரஸ் பற்றி எடுத்துப் பார்க்கும் பக்கங்களில் எல்லாம் ஓம்புயிரி என்று ஒரு கட்டம் தவறாமல் இருக்கிறது. யாருக்கு உணவு என்று ஒரு கட்டத்தை நான் இதுவரை எதிலும் பார்க்கவில்லை.